கடனை மூட்டையால் அளந்து பாருங்கள்

போன மாதக் கூட்டம் எங்கள் தோட்டத்துப் புங்கமரத்தடியில் நடந்தது. கவரைப்பேட்டையிலிருந்து மேற்கே சத்தியவேடு சாலையில் வந்தால் எங்கள் ஊர். மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் விதை மாற்றிக்கொண்டோம். கூழ் குடித்து முடிக்கும் நேரத்தில் ஒரு தம்பி எழுந்து நின்றார். முப்பது வயது இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் ஒப்பந்த வேலை. அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் இருக்கிறது.

“சார், ரிசர்வ் பேங்க் வட்டியைக் குறைச்சிட்டாங்களாமே. அஞ்சு லட்சம் லோன் போட்டு நாலு மாடு வாங்கலாம்னு இருக்கேன். வேலையையும் விட்டுட்டு முழுசா இயற்கை விவசாயத்துக்கே வந்துடலாம்னு பாக்குறேன். இதானே சார் நல்ல நேரம்?”

நான் 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். அதில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் மேசையில். இந்தக் கேள்விக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு வாய் வரவில்லை. காரணம், எதிரே என் பக்கத்து நிலத்துக்காரர் உட்கார்ந்திருந்தார். 2019 கடைசியில் இதே கேள்வியை அவர் என்னிடம் கேட்டார். “வட்டி இறங்குது, தைரியமா வாங்குங்க” என்று சொன்னவன் நான்தான். அதற்கப்புறம் அவர் பட்டதைப் பின்னால் சொல்கிறேன். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

தம்பியிடம் “அடுத்த கூட்டத்துல சொல்றேன்” என்று சொல்லிவிட்டேன். அதற்குள் மற்றவர்களும் ஆளுக்கொரு கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். எல்லாமே விலை, வட்டி, மந்தம் என்ற மூன்றைச் சுற்றித்தான். நாம் மண்ணைப் படிக்கிறோம், பூச்சியைப் படிக்கிறோம். பணம் எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் படித்துவைத்தால் நல்லது. கேள்விகளை வந்த வரிசையில் எடுத்துக்கொள்கிறேன்.

விலைவாசி குறைஞ்சிடுச்சுன்னு சொல்றாங்களே, புண்ணாக்கு விலை ஏன் குறையல?

மாதர்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. செய்தியில் ‘பணவீக்கம் 7 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது’ என்று வாசித்தால், விலை குறைந்துவிட்டது என்று நமக்குப் படுகிறது. அப்படி இல்லை. அது விலை ஏறும் வேகம். கும்மிடிப்பூண்டி போகிற மின்சார ரயில் பொன்னேரி தாண்டி வேகத்தைக் குறைத்தால், ரயில் பின்னாலா போகிறது? முன்னால்தான் போகிறது, மெதுவாகப் போகிறது. போன வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கியது இந்த வருஷம் 103. அவ்வளவுதான்.

அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒரு குடும்பம் வழக்கமாகச் செலவு செய்யும் பொருள்களை ஒரு கூடையில் போட்டதாக வைத்துக்கொண்டு, மாதா மாதம் அந்தக் கூடையின் விலையைப் பார்க்கிறார்கள். 2012-ஐ அடிப்படையாக வைத்துப் போட்ட கூடையில் உணவும் பானமும் மட்டும் ஏறக்குறைய 46 சதவீதமாக இருந்தது. அதாவது நாட்டின் விலைவாசி என்று அப்போது சொல்லப்பட்ட எண்ணில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, நாம் விளைவிக்கும் பொருளின் விலை.

இதை ஒருமுறை நன்றாக யோசித்துப் பாருங்கள். 2025 ஜூலையில் பணவீக்கம் 1.6 சதவீதம் அளவுக்கு இறங்கியது. உணவை மட்டும் தனியாகப் பார்த்தால் சுழியத்துக்கும் கீழே போய்விட்டது. அதாவது உணவுப் பொருள்களின் விலை முந்தைய வருஷத்தைவிட உண்மையிலேயே குறைவு. பட்டணத்தில் இருப்பவருக்கு அது நல்ல செய்தி. அதே செய்தி நம் வீட்டில் ‘வரவு குறைந்தது’ என்று காதில் விழ வேண்டும். புண்ணாக்கு, டீசல், கூலி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இவையெல்லாம் குறைந்துவிடவில்லை. நாம் விற்கும் பக்கம் இறங்கியது, வாங்கும் பக்கம் அப்படியே நின்றது. அக்காவின் கேள்விக்குப் பதில் இதுதான்.

தக்காளி விலை ஏறினா வீட்டுக்கடன் வட்டி ஏன் ஏறுது?

இது ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரின் கேள்வி. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தைத் திருத்தி அந்த வங்கிக்கு ஒரு கடமை கொடுத்தார்கள். பணவீக்கத்தை 4 சதவீதத்தில் வைத்திருக்க வேண்டும். 2-க்குக் கீழே இறங்காமல், 6-க்கு மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்காக ஆறு பேர் கொண்ட குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடி ‘ரெப்போ’ வட்டியை முடிவு செய்கிறது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்கு வாங்கும் பணத்துக்கான வட்டி அது. அது ஏறினால் வங்கிகள் கொடுக்கும் கடனின் வட்டியும் மெல்ல ஏறும். கடன் வாங்கி வீடு, கார், மெஷின் வாங்குவோர் தயங்குவார்கள். வாங்குவோர் குறைந்தால் விலை அடங்கும். இதுதான் அந்த மருந்து வேலை செய்யும் விதம்.

2022-ல் முதல் ஒன்பது மாதமும் பணவீக்கம் 6-க்கு மேல் இருந்தது. அந்த வருஷம் மே மாதம் 4 சதவீதமாக இருந்த ரெப்போவை, 2023 பிப்ரவரிக்குள் படிப்படியாக 6.5-க்கு ஏற்றினார்கள். 2025-ல் விலைவாசி அடங்கியதும் பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று மூன்று தடவையில் 5.5-க்கு இறக்கினார்கள். தம்பி கேள்விப்பட்டது இந்த இறக்கத்தைத்தான்.

ஆனால் மழையில் அழுகிய தக்காளியை வட்டியால் திரும்ப விளைவிக்க முடியாது. 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். நியாயவிலைக் கடையில் வைத்து 60 ரூபாய்க்கு அரசு விற்றது. கோயம்பேட்டுக்குத் தக்காளி பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறது. அங்கே வரத்து கொஞ்சம் குறைந்தால் போதும், இங்கே விலை பல மடங்கு தாவும். சாம்பாருக்குத் தக்காளி இல்லாமல் முடியாது என்பதால் விலை ஏறினாலும் ஜனங்கள் வாங்கிக்கொண்டுதான் இருப்பார்கள். அதே காரணத்தால், வரத்து கொஞ்சம் கூடினால் விலை தரையைத் தொடும். அந்த ஜூலை விலையைப் பார்த்து நாற்று விட்டவர்களின் காய் செப்டம்பரில் சந்தைக்கு வந்தபோது நிலைமை தலைகீழ். போன பருவத்து விலையைப் பார்த்து இந்தப் பருவம் நடுவது, பின்னால் பார்க்கும் கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டி ஓட்டுகிற மாதிரி.

விலை ஏறியபோதாவது உழவனுக்குக் கிடைத்ததா? ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரை ஒன்று 2024-ல் வந்தது. தக்காளிக்கு வாங்குபவர் கொடுக்கும் ஒரு ரூபாயில் உழவனுக்கு 33 பைசா, வெங்காயத்தில் 36, உருளையில் 37 என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். விலையை அடக்க அரசிடம் இன்னொரு ஆயுதமும் உண்டு: ஏற்றுமதித் தடை. அதே 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி வந்தது. வாங்குபவருக்கு நிவாரணம் வருகிற வழியில்தான் விற்பவருக்கு அடி விழுகிறது.

ரிசர்வ் வங்கி குறைச்சா எங்க கடனுக்கும் குறையுமா?

எந்தக் கடன் என்று பார்க்க வேண்டும். எல்லாக் கடனும் ஒரே கடன் இல்லை.

பயிர்க்கடனுக்கும் ரெப்போவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கிசான் கார்டில் 3 லட்சம் வரை 7 சதவீதம். தேதி தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதம். தமிழ்நாட்டில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் வட்டியே இல்லை. ரெப்போ ஏறினாலும் இறங்கினாலும் இது மாறாது. கெடு தவறினால்தான் சலுகை போய்விடும். மாட்டுக்குத் தீவனம், மருத்துவம் போன்ற பராமரிப்புச் செலவுக்கும் 2018-19 முதல் கிசான் கார்டு கொடுக்கிறார்கள். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரை விவசாயக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக்கூடாது என்றும் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கடன், சிறுதொழில் கடன் போன்றவற்றில் மாறும் வட்டியில் புதிதாகக் கொடுப்பவற்றை 2019 அக்டோபர் முதல் வெளி அளவுகோலோடு கட்டிப்போட வேண்டும் என்று விதி வந்தது. பெரும்பாலான வங்கிகள் ரெப்போவோடு கட்டின. அது ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

மாடு, டிராக்டர், சொட்டுநீர், கிணறு இதற்கெல்லாம் வாங்கும் தவணைக் கடனில் வங்கிக்கு வங்கி முறை வேறு. அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது நிலையான வட்டியா, மாறும் வட்டியா? மாறும்னா எதோட சேர்ந்து மாறும்?” கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் கேட்ட உழவர்களை விரல் விட்டு எண்ணலாம். நானாகச் சொன்னதும் அதிகமில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். 5 லட்சம், 5 வருஷத் தவணை. 9 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 10,380 ரூபாய். வட்டி 8-க்கு இறங்கினால் 10,140. வித்தியாசம் மாதம் 240 ரூபாய். நாலு மாடும் சேர்ந்து ஒரு நாளைக்கு 40 லிட்டர் கறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் விலையில் லிட்டருக்கு ஒரே ஒரு ரூபாய் இறங்கினால், மாதம் 1,200 ரூபாய் போச்சு. வட்டி ஒரு சதவீதம் இறங்கிய லாபத்தைப் போல் ஐந்து மடங்கு. ஊரெல்லாம் வட்டியைப் பேசுகிறது. நம் பிழைப்பைத் தீர்மானிப்பது விலை.

மூட்டைக் கணக்கு

இதற்கு என்னுடைய வழி ஒன்று சொல்கிறேன். கடனை ரூபாயில் எழுதாதீர்கள். எதை விற்றுக் கட்டப்போகிறீர்களோ அதில் எழுதுங்கள்.

நெல் குவிண்டால் 2,500 ரூபாய் என்று வையுங்கள். 2025-26 பருவத்துக்குச் சாதா ரகத்துக்கு அரசு கொள்முதல் நிலையத்தில் ஊக்கத்தொகையோடு சேர்த்துக் கிடைக்கும் விலை அது. 1 லட்சம் கடன் வாங்கினால் நீங்கள் வாங்கியது 40 குவிண்டால் நெல். ஒரு வருஷம் கழித்து 9 சதவீத வட்டியோடு 1,09,000 கட்ட வேண்டும். விலை அதே 2,500 என்றால் 43.6 குவிண்டால் கொடுக்க வேண்டும். விலை 2,700-க்கு ஏறினால் 40.4 குவிண்டால் போதும். ஏறக்குறைய வட்டியே இல்லை. விலை 2,000-க்கு இறங்கினால்? 54.5 குவிண்டால். 40 வாங்கி 54.5 கொடுக்கிறீர்கள். பத்திரத்தில் 9 சதவீதம், களத்தில் 36 சதவீதம்.

நெல்லுக்காவது கொள்முதல் நிலையம் என்று ஒரு தரை இருக்கிறது. கீரை, கத்தரி, பூ, தர்பூசணிக்குத் தரை கிடையாது. நம் பாரம்பரிய ரகங்களுக்கும் தனி ஆதரவு விலை கிடையாது. நாமே ஆள் பிடித்து விற்கிறோம்.

இப்போது முன்னால் சொன்னதையும் இதையும் சேர்த்துப் பாருங்கள். ரிசர்வ் வங்கி எப்போது வட்டியைக் குறைக்கிறது? விலைவாசி இறங்கும்போது. அந்தக் கூடையில் 46 சதவீதமாக இருந்தது எது? நம் விளைபொருள். ஆகவே வட்டி குறைகிற காலமும் நம் சரக்கு விலை விழுகிற காலமும் பல நேரம் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. வங்கிக்காரன் ‘கடன் மலிவு’ என்று சொல்கிற அதே மாதத்தில், மூட்டையில் அளந்தால் நம் கடன் கனத்துக்கொண்டிருக்கும். இதை நான் வங்கியில் இருந்தபோது யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நிலத்தில் இறங்கிய பிறகுதான் புரிந்தது.

இது இன்றைய கதை மட்டும் இல்லை. 1929-ல் தொடங்கிய உலகப் பெருமந்தத்தில் சென்னை மாகாணத்தில் நெல் விலை சில வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதியானது. கடன் பத்திரத்தில் ரூபாய் மாறவில்லை, கிஸ்தியும் அப்படியே. பத்து மூட்டையில் தீர வேண்டிய கடனுக்கு இருபது மூட்டை வேண்டியிருந்தது. நிலங்கள் கை மாறின. பர்மாவில் இன்னும் மோசம். கீழ்பர்மா நெல் நிலத்தில் 1930 வாக்கில் 6 சதவீதம் நகரத்தார் கையில் இருந்தது. கடன் திரும்பாததால் அடுத்த ஏழெட்டு வருஷத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் வந்துசேர்ந்தது. நிலம் வேண்டும் என்று கடன் கொடுத்தவர்கள் இல்லை அவர்கள். 1942-ல் ஜப்பான் படை வந்தபோது அத்தனையையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது. விலை விழுந்தால் வாங்கியவனும் நிற்கமாட்டான், கொடுத்தவனும் நிற்கமாட்டான். இங்கே 1938-ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய கடன்களின் வட்டிச் சுமையைக் குறைத்தது. அதற்குள் எத்தனையோ குடும்பம் நிலத்தை இழந்திருந்தது.

மந்தம்னா என்ன சார்? நமக்கும் அதுக்கும் என்ன?

ஒரு நாட்டில் மூன்று மாதத்தில் நடக்கும் உற்பத்தி, சேவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறார்கள். போன வருஷம் அதே மூன்று மாதத்தைவிடக் குறைந்தால் சுருக்கம். தொடர்ந்து இரண்டு காலாண்டு சுருங்கினால் மந்தம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

நம் நாட்டில் முன்பெல்லாம் மந்தம் வயலில் பிறந்து பட்டணத்துக்குப் போகும். 1965-66, 1979-80 இரண்டிலும் மழை பொய்த்தது, விளைச்சல் விழுந்தது, நாட்டின் மொத்த வருமானம் சுருங்கியது. 2020-ல் வந்தது தலைகீழ். பட்டணத்திலும் ஆலையிலும் பிறந்து வயலுக்கு வந்தது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. அடுத்த மூன்று மாதம் 7.5 சதவீதம். அந்த இரண்டு காலாண்டிலும் விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் வளர்ந்தது. ‘விவசாயம்தான் நாட்டைத் தாங்கியது’ என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

விளைந்தது உண்மை. விற்றதா? மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடினார்கள். சில நாளில் நம் மாவட்டத்துத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை போட்டார்கள். கோயம்பேடு காய்கறிச் சந்தை மறுபடி திறந்தது செப்டம்பர் 28. இடையில் எத்தனை கட்டுக் கீரையை மாட்டுக்குப் போட்டோம் என்பது அந்த வருஷக் கணக்கில் எங்கேயும் இல்லை. உற்பத்தி வளர்வதும் உழவன் கையில் காசு சேர்வதும் வேறு வேறு.

பக்கத்து நிலத்துக்காரர் கதையை இங்கேதான் சொல்ல வேண்டும். 2019-ல் பிப்ரவரி முதல் அக்டோபர் வரை ரெப்போவை ஐந்து தடவை குறைத்திருந்தார்கள். அந்தத் தைரியத்தில் நான் சொல்ல, அவர் 4 லட்சம் வாங்கி நாலு கலப்பினக் கறவை மாடு கட்டினார். தவணை 8,300. ஒரு நாள் 40 லிட்டர் பால். அதில் 30 லிட்டர் சிப்காட் கேட் பக்கத்து டீக்கடைகளுக்கும் மெஸ்ஸுக்கும், லிட்டர் 42 ரூபாய். மூன்று மாதம் ராஜா மாதிரி இருந்தார்.

மார்ச் 24 ராத்திரியோடு எல்லாம் நின்றது. ஆலைச் சங்கு ஊதவில்லை. டீக்கடை இல்லை, மெஸ் இல்லை. ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போக வேண்டிய பிள்ளைகள் கல்கத்தா நெடுஞ்சாலையில் எளாவூர் பக்கமாக மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தோம். அவர்கள் குடித்த டீதான் இவருடைய தவணை. அது அதுவரை எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. மாடு ஊரடங்கு பார்த்துக் கறவையை நிறுத்தாது. பால் வண்டிக்காரர் 24 ரூபாய்க்கு எடுத்தார். லிட்டருக்கு 18 ரூபாய் இழப்பு. 30 லிட்டருக்கு மாதம் 16,200. தவணையைப் போல் இரண்டு மடங்கு, விலையிலேயே போயிற்று.

தவணையை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம். “எடுத்துக்குங்க” என்று அதையும் நான்தான் சொன்னேன். வேறு வழியும் இல்லை. ஆனால் ஒத்திவைப்பு தள்ளுபடி இல்லை. அந்த ஆறு மாத வட்டி, சுமார் 18,000, அசலோடு ஏறிக்கொண்டது. இரண்டு மாட்டை வந்த விலைக்கு விற்றார். அவர் வீட்டம்மாவின் தாலிச்சரடு தவிர எல்லா நகையும் அடகுக்குப் போனது. கொஞ்சம் நிமிர்ந்தபோது 2022-ல் வட்டி ஏறத் தொடங்கியது. அவருடையது மாறும் வட்டிக் கடன். தவணைத் தொகையை ஏற்றவில்லை. மாதங்களின் எண்ணிக்கையைக் கூட்டினார்கள். கடைசித் தவணையை 2025 ஆனியில்தான் கட்டினார்.

இத்தனையிலும் ஒருநாள்கூட அவர் என்னைக் குறை சொன்னதில்லை. “சார், நீங்க வட்டியத்தான பாத்தீங்க, நானும் அதத்தான் பாத்தேன்” என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இந்தக் கட்டுரை.

அதே சமயம் என் நிலத்தில் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மெஸ்ஸுக்குப் போன கீரையும் கத்தரியும் எனக்கும் நின்றுபோனது. நவரைப் பட்டத்து நெல் களத்தில் இருந்தது. அது அழுகவில்லை. குதிரிலும் சாக்கிலும் பொறுமையாக இருந்தது. மூன்று மாதம் கழித்துச் சென்னையில் வழக்கமாக வாங்கும் வீடுகளுக்கே அரிசியாக்கிக் கொடுத்தேன். விதை சொந்தம், உரம் சொந்தம்; கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எதுவும் இல்லை. பென்ஷனும் வந்துகொண்டிருந்தது. அது பெரிய தூண். அதை மறைத்துவிட்டு இயற்கை விவசாயத்தால் மட்டும் தப்பித்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

தம்பிக்குக் கொடுத்த வீட்டுப்பாடம்

கூட்டம் முடிந்த மறுவாரம் தம்பியை வரச் சொன்னேன். வாங்கு என்றும் சொல்லவில்லை, வாங்காதே என்றும் சொல்லவில்லை. ஒரு நோட்டில் இதையெல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். நீங்களும் எழுதிப் பார்க்கலாம்.

1. கடன் தவணையை லிட்டரிலோ மூட்டையிலோ எழுதுங்கள். மாதத்துக்கு எத்தனை லிட்டர் பால் அந்தத் தவணைக்கே போகிறது?

2. இன்றைய விலையில் போடாதீர்கள். கடந்த ஐந்து வருஷத்தில் பார்த்த மிக மோசமான விலையில் போடுங்கள். என் கட்டுப்பாடு ஒன்று உண்டு: மோசமான மாதத்தில், செலவு போக மிஞ்சும் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது.

3. வாங்குபவர்களின் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும், அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள்.

4. செலவை இரண்டாகப் பிரியுங்கள். ரூபாய் கொடுத்து வெளியே வாங்குவது ஒரு பக்கம், நிலத்திலிருந்தே கிடைப்பது ஒரு பக்கம். மந்தத்தில் நம்மைச் சாய்ப்பது முதல் பக்கம்தான். தற்சார்பு என்று நாம் பேசுவதற்குக் கணக்குப் புத்தகத்தில் இதுதான் அர்த்தம்.

5. விளைபொருளையும் இரண்டாகப் பிரியுங்கள்: காத்திருக்கக்கூடியது, காத்திருக்க முடியாதது. நெல், நிலக்கடலை, உளுந்து காத்திருக்கும். பால், கீரை, பூ காத்திருக்காது. காத்திருக்காத சரக்கை நம்பிக் காத்திருக்காத கடன் வாங்குவது ஆபத்து. காத்திருக்கும் சரக்குக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பொருளீட்டுக் கடன் உண்டு. விலை விழுந்த நேரத்தில் விற்காமல் சமாளிக்க அது உதவும்.

6. கடன் எதற்கு என்று கேளுங்கள். கிணறு, வரப்பு, மரம் போல நிலத்திலேயே தங்குவதற்கா? அல்லது வருஷா வருஷம் கரைந்துபோவதற்கா?

பத்து நாளில் நோட்டோடு வந்தார். ஒழுங்காகவே எழுதியிருந்தார். மூன்றாவது பாடத்தில் பேனா நின்றுபோயிருந்தது. 40 லிட்டரில் 32 லிட்டர் அவர் வேலை பார்க்கும் ஆலையைச் சுற்றியுள்ள டீக்கடைகளுக்கு. எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே சொல்: சிப்காட். வீட்டுக்கு வரும் சம்பளமும் அங்கிருந்துதான்.

“ஒரே கயிறுல ரெண்டு வாளியக் கட்டியிருக்கேன் சார். கயிறு அறுந்தா ரெண்டும் கிணத்துக்குள்ள” என்றார். நான் அரை மணி நேரம் விளக்க நினைத்திருந்ததை அவரே ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

இப்போது அவர் முடிவு இது: வேலையை விடவில்லை. சேமிப்பிலிருந்து இரண்டு மாடு மட்டும். அம்மாவும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். அரை ஏக்கரில் கோ-4 புல்லும் வேலிமசாலும், வரப்பில் அகத்தியும் போட்டிருக்கிறார். கடைத் தீவனம் பாதியானால் மூன்றாவது மாடு. பாலில் பாதி ஊருக்குள்ளும் பெரியபாளையம் பக்கத்து வீடுகளுக்கும். சம்பா நெல்லுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன். கெடு தேதியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். மூன்று வருஷத்தில் முழுநேர உழவன் ஆகலாம் என்பது அவர் கணக்கு. மெதுவாகத் தெரியலாம். மண்ணை இயற்கைக்கு மாற்றவே மூன்று வருஷம் பொறுக்கிறோமே, வருமானத்தை மாற்றவும் அவ்வளவு காலம் கொடுப்பதில் தப்பில்லை.

மாடு வாங்கப் பெரியவர் ஒருவர் கூடவே போய்ச் சுழி பார்த்து, மடி பார்த்து, பேரம் பேசிக் கொடுத்தார். யார் என்று கேட்டால், என் பக்கத்து நிலத்துக்காரர்தான்.

அடுத்த கூட்டம் வழக்கம்போல இரண்டாம் ஞாயிறு. விதையோடு சேர்த்து உங்கள் கணக்கு நோட்டையும் எடுத்து வாருங்கள். கணக்கில் தப்பு இருந்தால் பரவாயில்லை, சேர்ந்து உட்கார்ந்து திருத்தலாம்.